சேட்டாண்ட இறக்கிய நாற்பது சட்டி

கன்னியம்மாவுக்கு இடது காது மந்தம். நான்தான் சொன்னேன் என்று அவளிடம் போய் வத்தி வைத்துவிடாதீர்கள். கட்டின புருஷன் குணசேகரனிடம்கூட அவள் இதை ஒப்புக்கொண்டதில்லை. இருபத்தாறு வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியும் அவன் கண்டுபிடித்தபாடில்லை. தான் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ளாத பெண்டாட்டி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான். ஊரில் முக்கால்வாசி ஆம்பிளைகளின் நினைப்பு அதுதானே!

காது போனது தண்டையார்பேட்டையில் ஒரு டிரம் பட்டறையில். நசுங்கிப்போன எண்ணெய் டிரம்களைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்தி, கழுவி, பெயிண்ட் பூசி மறுபடி விற்கிற பட்டறை. கன்னியம்மா அங்கே பதினோரு வருஷம் டிரம் கழுவினாள். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை டமார் டமார்தான். ஒருநாள் மேஸ்திரி ஏதோ சொன்னான். "இன்னா?" என்று கேட்டாள். மறுபடி சொன்னான். மறுபடியும் "இன்னா?" என்றாள். அவ்வளவுதான், அத்தனை பேர் முன்னாலும் "செவுட்டுக் கன்னி" என்று பெயர் வைத்துவிட்டான், படுபாவி. பட்டறையை விட்டு நின்ற நாள்வரை அந்தப் பெயர்தான். அன்றைக்கு எடுத்த முடிவு: செத்தாலும் இனி யாரிடமும் இரண்டாம் தடவை கேட்பதில்லை. காதில் விழுந்த பாதியை வைத்து மீதியை அவளே கட்டிக்கொள்வாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தப்பாகப் போன ஒரு தடவையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

பட்டறைக்குப் பிறகு, அதே தண்டையார்பேட்டையில் பழைய கிடங்கை இடித்துக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் கூட்டிப் பெருக்கும் வேலை. நாலு பிளாக், நூற்றுச் சொச்சம் வீடு. வியாசர்பாடி வாரியக் குடியிருப்பிலிருந்து காலை ஆறரைக்கெல்லாம் ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிடுவாள். அவள் அம்மா கையில் இருந்ததும் துடைப்பம், இவள் கையிலும் துடைப்பம். ஒருநாள் யாரோ குப்பையில் வீசின செத்த செடி ஒன்றை எடுத்து மாடிப்படிக்கு அடியில் வைத்தாள். பதினைந்து நாளில் அது தளிர் விட்டது. குடியிருப்பின் தோட்ட வேலையைக் குத்தகைக்கு எடுத்தவர்களின் சூப்பர்வைசர் நோயல் அதைப் பார்த்தான். ராயபுரத்துப் பையன், முப்பது வயது இருக்கும்.

"யக்கா, உன் கையில இன்னாமோ கீது. தொடப்பத்த வெச்சுட்டு என்னோட வா, ரெண்டு மாசம் பாப்போம்" என்றான்.

ரெண்டு மாசம் வெள்ளோட்டம். அதற்கு ஒரு நிபந்தனையும் இருந்தது. ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் நடுவில் ஓர் ஏழடிச் சந்து. வருஷம் பூராவும் வெயில் எட்டிப் பார்க்காத இடம். மேலே வரிசையாக ஏசி பெட்டிகள், கீழே வெறும் மண். மூன்று தடவை புல் பதித்தார்கள், மூன்று தடவையும் மஞ்சளாகி அழுகியது. குடியிருப்புச் சங்கத்துச் செக்ரட்டரி கெடு வைத்துவிட்டார்: மாசக் கடைசி சனிக்கிழமை வந்து பார்ப்பேன், சந்து பச்சையாக இருக்க வேண்டும்.

"பச்சையாச்சுன்னா தோட்டக்கார லிஸ்ட்டுல உன் பேரு ஏறிடும். இல்லன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாதுக்கா. பயையபடி தொடப்பந்தான்" என்று நோயல் சொல்லியிருந்தான்.

அந்த லிஸ்ட்டுக்காகக் கன்னியம்மா உயிரையே விட்டாள். காரணம் சின்னது. கையில் துடைப்பம் இருந்தபோது ஜனங்கள் ஒதுங்கி நடந்தார்கள். கையில் களைக்கொத்து வந்ததும் நின்று, "இது என்ன செடிம்மா?" என்று கேட்கிறார்கள். நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒருத்தர் நின்று அவளிடம் ஒன்று கேட்கிறார். அதை விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்?

கெடுவுக்குப் பத்து நாள் முன்னால், ஒரு புதன்கிழமை, நோயலிடமிருந்து போனில் ஒரு குரல் பதிவு வந்தது.

"யக்கா, நாளிக்குக் காலையில நர்சரி வண்டி வரும். நாப்பது சட்டி. அல்லாமே ஷேடுக்குன்னு கேட்டு வாங்குனது. ஷேடாண்ட எறக்கிடு. வெயில்ல மட்டும் வெச்சிடாத, கருகிப்பூடும். நான் மச்சினி கல்யாணத்துக்கு நாகர்கோயில் போறேன், வர்ற வியாயக்கெயம வந்துடுவேன்."

இந்த இடத்தில் வடசென்னைப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. 'கடையாண்ட நில்லு' என்றால் கடைப் பக்கத்தில். 'அண்ணனாண்ட குடு' என்றால் அண்ணன் கையில். இடத்துக்கும் 'ஆண்ட'தான், ஆளுக்கும் 'ஆண்ட'தான். நோயல் சொன்னது ஷேடாண்ட, அதாவது நிழல் பக்கம். ஷ என்கிற எழுத்து கன்னியம்மாவின் வாயிலும் நுழையாது, காதிலும் நுழையாது. மூன்று தடவை போட்டுக் கேட்டாள். மூன்று தடவையும் அவளுக்கு விழுந்தது 'சேட்டாண்ட'.

குடியிருப்பில் ஒரே ஒரு சேட்டுதான். சி பிளாக் கீழ்த்தளம், பன்சிலால் சேட்டு. அவரும் செத்து ஐந்து மாசம் ஆகிறது. காரியம் முடிந்த பிறகு வாசலைக் கழுவிவிட்டதே கன்னியம்மாதான். செத்தவருக்குச் செடியா? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் கேரம் ஆடிக்கொண்டிருந்த குணசேகரனிடம் கேட்டாள்.

"யோவ், பூட்டவருக்கு எவன்யா செடி வாங்கி அனுப்புவான்?"

கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்கிவிட்டு வந்த மனுஷன் சிவப்புக் காயின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பன் பூட்டா புள்ள சேட்டு. பெங்களூர்ல கீறானே, அவன் வாங்கியிருப்பான். உனுக்கு இன்னா அதுல பேஜாரு? எறக்க சொன்னா எறக்கு."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சந்துக்கான செடி தனியாகப் பின்னால் வரும் போலிருக்கிறது என்று அவளே மீதியைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் வண்டி வந்தது. நாற்பது சட்டியிலும் ஒரே செடி. தரையோடு தரையாகப் படர்கிற ஜாதி. இலைமேல் வெள்ளிக் கோடு, இலைக்கு அடியில் கத்திரிக்காய் ஊதா. கணுவுக்குக் கணு வேர் விடும் என்று தொட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. 'சந்துக்கு இதுமாதிரி வந்தா எவ்ளோ நல்லாருக்கும்!' என்று வேறு பெருமூச்சு விட்டாள். சந்தைத் தாண்டித்தான் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனாள், ஆறு நடை!

கதவைத் திறந்தது சேட்டு சம்சாரம் கமலாபாய். அறுபத்தைந்து வயது. சௌகார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள், தமிழ் தண்ணீர் பட்டபாடு.

"அம்மா, சேட்டுக்கு செடி வந்துகீது" என்றாள் கன்னியம்மா.

கமலாபாய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். சட்டிகளைப் பார்த்தாள், கன்னியம்மாவைப் பார்த்தாள், மறுபடி சட்டிகளைப் பார்த்தாள். "யாருக்கு?"

"சேட்டுக்கும்மா. சேட்டாண்ட எறக்க சொன்னாங்கோ."

"இருபது வருஷமா கேட்டேன்" என்றாள் கமலாபாய். குரல் எங்கேயோ போய்விட்டது. "வாசல்ல நாலு செடி வைக்கலாம்னு. மண்ணு வரும், கொசு வரும்னே சொல்லிட்டிருந்தாரு. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, வீட்டுக்குப் போனதும் முதல்ல செடி வாங்கித் தரேன்னாரு. வீட்டுக்கு வரவே இல்ல." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சொல்லி வெச்சுட்டுத்தான் போயிருக்காரு, பாரேன்."

கன்னியம்மா திருதிருவென்று விழித்தாள். பிள்ளை சேட்டா, அப்பன் சேட்டா? செத்தவர் எப்போது சொல்லி வைத்தார்? அதை நோயல் ஏன் வாங்கி வருகிறான்? ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் சமாசாரம் அங்கேயே தீர்ந்திருக்கும். அவளோ ஒன்றும் கேட்காமல் சட்டிகளை இறக்கினாள். ஐயோ, அந்தப் பிடிவாதம் இருக்கிறதே!

சேட்டு வீட்டு வாசல் மேற்குப் பார்த்தது. கிரில் போட்ட சிமெண்ட் தரை. பகல் பன்னிரண்டிலிருந்து சாயங்காலம் வரை வெயில் கொளுத்தும். மூன்றாம் நாளே இலைகளின் ஊதா வெளுத்து, ஓரம் காகிதம்போல் காய்ந்தது. வெயிலில் வைக்காதே என்றான், சேட்டாண்ட வை என்றான். சேட்டாண்ட இருப்பதே வெயில்தானே! கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது அவளுக்கு. நோயலுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் பேண்டு வாத்தியம் காதைப் பிளந்தது.

"சட்டியெல்லாம் ஷேடாண்டதானே கீது?" என்று அவன் கத்தினான்.

"ஆமா நைனா, சேட்டாண்டதான் கீது! ஆனா கருகுது!"

"இன்னும் கொஞ்சம் ஷேடு குடுக்கா!" போனை வைத்துவிட்டான்.

சேட்டு இன்னும் கொஞ்சம் கொடுக்க வேண்டுமாம். என்னத்தைக் கொடுப்பது? குழம்பிப்போய்க் கமலாபாயிடமே போய், "அம்மா, மேல கட்ட எதுனா துணி கீதா? செடி வெயிலு தாங்கல" என்றாள். கமலாபாய் பீரோவைத் திறந்து சேட்டின் வேட்டிகளைக் கொண்டுவந்தாள். சலவை மடிப்பு கலையாத ஆறு வேட்டி. இருவரும் ஸ்டூல் போட்டு ஏறி கிரிலில் பந்தல்போல் கட்டினார்கள். ஸ்டூலிலிருந்து இறங்கும்போது கமலாபாய் சிரித்தாள். அவள் சிரித்து ஐந்து மாசம் ஆயிற்று என்று கன்னியம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தினமும் காலையில் போனால் அந்த அம்மாள் ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்துக்கொண்டிருப்பாள், மார்வாடியில் எதையோ முணுமுணுத்துக்கொண்டு.

வியாழக்கிழமை சாயங்காலம் நோயல் வந்தான். நேரே சந்துக்குப் போனான். வெறும் மண் அவனைப் பார்த்துப் பல்லிளித்தது.

"யக்கா! நாப்பது சட்டியும் எங்க?"

"சேட்டாண்ட."

"இதானே ஷேடு! இங்க ஒண்ணையும் காணமே!"

"இங்க ஏன் இருக்கும்? சேட்டாண்ட கீதுன்றேன்!"

"எந்த ஷேடு?"

"நமக்கு எத்தினி சேட்டு கீறாங்க? சி பிளாக் சேட்டு!"

நோயல் தலையில் கை வைத்துக்கொண்டு சந்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஷேடுக்கா! ஷேடு! நெயலு! வெயிலு படாத எடம்!"

விஷயம் கன்னியம்மாவின் மண்டைக்குள் இறங்க ஒரு நிமிஷம் பிடித்தது. இறங்கியதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நெயலுன்னு தமிழ்ல சொல்லித் தொலைச்சா இன்னா? நெயலாண்ட எறக்குன்னு சொல்ல உன் வாயி வலிக்குதா?"

"சொல்லியிருந்தா, நோயலாண்டன்னு என் வூட்டுக்கு எடுத்தாந்து எறக்கியிருப்ப!"

சிரிக்க வேண்டிய இடம்தான். இருவரும் சிரிக்கவில்லை. "நாளான்னிக்கு சனிக்கெயம. செக்ரட்டரி வந்துடுவாரு. சட்டிய எடுத்தாந்து நட்டாத்தான் ஆச்சு. இல்ல, நீ தொடப்பம், நான் வேற சைட்டு" என்றான் நோயல்.

மறுநாள் காலை கன்னியம்மா தள்ளுவண்டியோடு சி பிளாக்கை மூன்று சுற்றுச் சுற்றினாள். கால் அந்த வாசலுக்குப் போக மறுத்தது. 'உன் புருஷன் அனுப்பலம்மா' என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால் லிஸ்ட்டு போச்சு. சொன்னால் அந்தச் சிரிப்பு போச்சு. செடிக்கு வியாதி, மருந்தடிக்க எடுத்துப் போகிறேன் என்று ஒரு பொய்யைக்கூடத் தயார் செய்தாள். வாசலில் கமலாபாய் ஈரத்துணியோடு நிமிர்ந்து, "வா வா, ரெண்டு செடி புதுசா இலை விட்டிருக்கு" என்றதும் அந்தப் பொய் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"அம்மா, இது சேட்டு அனுப்புனது இல்ல."

"பையனா?"

"பையனும் இல்ல. யாருமே அனுப்பல. நெயலுக்கு வந்த செடி. இங்கிலீசுல சேடுன்னாங்கோ." "எனுக்கு எடது காது கேக்காதும்மா. நான் சேட்டுன்னு கேட்டுக்கினேன்."

பதினைந்து வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாததை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். சொன்னபின் பாரம் குறையும் என்பார்களே, அப்படியொன்றும் குறையவில்லை. கமலாபாய் துணியைக் கிரில்மேல் வைத்தாள். "நிழலா?" என்று ஒரு தடவை கேட்டாள். அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எடுத்துக்கொள் என்று அர்த்தமா, தொடாதே என்று அர்த்தமா? கால் மணி நேரம் வாசலிலேயே நின்றாள். கதவு திறக்கவில்லை. திருடியைப்போல் சத்தம் வராமல் ஒவ்வொரு சட்டியாக வண்டியில் ஏற்றினாள். வேட்டிகளை அவிழ்த்து மடித்துக் கிரிலிலேயே வைத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை மீதிப் பொழுதெல்லாம் சந்தில்தான் கிடந்தாள். மண்ணை ஒரு ஜாண் ஆழம் கொத்தி, தேங்காய் நார்த்தூளும் மக்கின எருவும் கலந்தாள். கருகின நுனியைக் கிள்ளி எறிந்தாள். மிச்சக் கொடிகளை நெட்டுக்குத்தாக நடாமல் மண்மேல் படுக்க வைத்து, கணு மண்ணைத் தொடுகிறதா என்று ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தாள். போர்த்தண்ணி உப்பு, இலையில் வெள்ளை பூத்துவிடும் என்று ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரை வாளியில் பிடித்துத் தெளித்தாள். முடித்துவிட்டு எழுந்து பார்த்தால் சந்து பச்சையாகவும் இல்லை, மொட்டையாகவும் இல்லை. சொட்டைத் தலையில் நாலு மயிர் படிய வாரினதுபோல் இருந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்குச் செக்ரட்டரி இன்னும் நாலு பேரோடு வந்தார். குனிந்து ஓர் இலையைத் தூக்கிப் பார்த்தார்.

"பாதி கருகிக் கெடக்கு. நிழல்ல வளர்ற செடின்னீங்க, நிழல்ல எப்படிக் கருகும்? யாரு இதை வெயில்ல கொண்டுபோய் வெச்சது?"

நோயல் கன்னியம்மாவைப் பார்க்காமல் குனிந்து காய்ந்த இலை ஒன்றைப் பொறுக்கினான். நான்தான் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். துடைப்பம் வைக்கிற அறையின் பினாயில் வாசம் அப்போதே மூக்கில் ஏறிவிட்டது.

"நான்தான் வெச்சேன்."

எல்லோரும் திரும்பினார்கள். சந்து முனையில் கமலாபாய் நின்றாள். ஐந்து மாசமாக வாசற்படியைத் தாண்டாத மனுஷி.

"நீங்களா?" செக்ரட்டரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சங்கத்துச் செடி நாப்பது சட்டியும் உங்க வீட்டுக்கு எதுக்கும்மா?"

கமலாபாய் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "என் வீட்டுக்காரர் வாங்கி அனுப்பினார்னு நெனச்சேன்."

பன்சிலால் சேட்டின் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டியவரே அந்தச் செக்ரட்டரிதான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அந்தம்மா நல்லா வேலை செய்யுது. கேக்குறதுக்கு ஆளில்லாத என் வாசலுக்கும் தெனமும் வந்து பாத்துச்சு" என்றாள் கமலாபாய்.

செக்ரட்டரி கன்னியம்மாவின் பக்கம் திரும்பினார். "எத்தனை நாள்ல மூடும்மா?"

"மய காலத்துக்குள்ளாற மண்ணே தெரியாது சார்."

"பேரு எழுதிக்கோங்க" என்று நோயலிடம் சொல்லிவிட்டு அவர் விறுவிறுவென்று போனார், மற்ற நாலு பேரும் அவர் பின்னாலேயே போனார்கள்.

சந்தில் இரண்டு பெண்கள் மட்டும் நின்றார்கள். சந்தோஷப்படுவதா, காலில் விழுவதா, அழுவதா என்று கன்னியம்மாவுக்குத் தெரியவில்லை. கமலாபாய் அங்கிருந்த வாளியைத் தூக்கி, "கொஞ்சம் தண்ணி ஊத்தட்டா?" என்றாள்.

"வேணாம்மா. நெயல்ல ஈரம் சட்டுனு காயாது. மேல மேல ஊத்துனா அயுகிப்பூடும்." சொல்லிவிட்டுத்தான் அவளுக்கு அழுகை வந்தது. "ஏம்மா அப்டி சொன்னீங்கோ, அத்தினி பேரு முன்னாடி? எனுக்காவ பொய்யி..."

"எது பொய்? எட்டு நாள் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்" என்றாள் கமலாபாய். வாளியை மெல்லக் கீழே வைத்தாள். "நல்லா இருந்துச்சு, கன்னியம்மா."